பேந்தும் ஒருக்கா

(குறிகட்டுவானில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



யாழ்ப்பாணத்திலிருந்து 776 பஸ்ஸில் வந்து இறங்கியதும் மண்டபத்துக்கு வராமல் துறைப் பக்கம் நடந்தேன். நயினாதீவுப் போட் ஒன்று பாதி நிறைந்து நின்றது. வெள்ளை உடுப்போடு சிங்களக் குடும்பங்கள், கையில் தாமரைப் பூ. பக்கத்தில் அம்மனுக்கு நேர்த்தி வைத்தவர்கள், மடியில் அருச்சனைத் தட்டு. இறங்குபடியில் நின்ற தம்பி ஒருவர் கூவிக்கொண்டிருந்தார்: "நயினாதீவு, நயினாதீவு, நயினாதீவு!" மூச்சு வாங்குவார். பிறகும் மூன்று தரம். நான் வேலையில்லாதவன், நின்று எண்ணினேன். ஒருமுறைகூட இரண்டோடு நிற்கவில்லை. நான்குக்குப் போகவும் இல்லை.

அந்தத் தம்பிக்குத் தொல்காப்பியம் தெரியுமோ தெரியாது. தொல்காப்பியருக்கு அந்தத் தம்பியைத் தெரிந்திருக்கிறது. சொல்லதிகாரத்து எச்சவியலில் அடுக்குச் சொல்லுக்கு எல்லை கட்டும்போது, பாட்டில் இசை நிரப்ப வரும் அடுக்குக்கு நான்கு என்கிறார். அவசரத்தில் வரும் அடுக்குக்கு மூன்றுதான் என்கிறார். உரைகாரர்கள் காட்டும் உதாரணம் தீ. வீடு பற்றி எரிகிறபோது ஒருவன் "தீ" என்று எத்தனை தரம் கத்துவான் என்று யாரோ ஒருவர் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்.

கடலில் ஆபத்து வந்தால் ரேடியோவில் சொல்லும் சொல்லை இங்கே கடற்றொழில் செய்கிறவர்கள் அறிவீர்கள். "மேடே." லண்டன் பக்கத்துக் குறொய்டன் விமான நிலையத்தில் ரேடியோ அலுவலராக இருந்த பிரெடெரிக் மொக்போர்ட் 1923 இல் கண்டெடுத்த சொல் அது. எனக்கு உதவு என்ற பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லை ஆங்கில வாய்க்கு ஏற்பத் திரித்தது. 1927 இல் வாஷிங்டனில் கூடிய மாநாடு அதை உலகுக்குப் பொதுவாக்கியது. இன்றுவரை விதி என்ன? "மேடே, மேடே, மேடே" என்று மூன்று தரம் சொல்ல வேண்டும். அதற்கு அடுத்த படியான "பான் பான்" அழைப்பும் மூன்று தரம். வாஷிங்டனில் கூடியவர்கள் எச்சவியலைப் புரட்டியிருக்க மாட்டார்கள். ஒரு தரம் சொன்னால் இரைச்சலில் போய்விடும், இரண்டு தரம் சொன்னால் சந்தேகம் தீராது, மூன்றாவதில் காது நிமிரும் என்பதை அவர்களும் கண்டார்கள்.

இந்த அறக்கட்டளை யாருடைய பெயரில் நிற்கிறதோ அந்த ஆசிரியரிடம் நான் ஆங்கிலம் படித்தேன். ஆண்டுதோறும் ஆங்கிலத்தைப் பற்றித் தமிழில் பேச வேண்டும் என்பது அறக்கட்டளையை நிறுவிய அவர் பிள்ளைகள் வைத்த நிபந்தனை. நான் எடுத்துக்கொண்டது ஒன்றைத் திரும்பச் சொல்வதற்கும் திரும்பச் செய்வதற்கும் ஆங்கிலம் வைத்திருக்கும் சொற்கள். நன்னூலார் நூலுக்குச் சொன்ன பத்துக் குற்றங்களில் கூறியது கூறலும் ஒன்று. ஆகவே இன்று நான் ஒரு குற்றத்தையே விடயமாக வைத்துப் பேசுகிறேன். பேச்சிலும் அது கொஞ்சம் ஒட்டும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

நான் படிப்பிக்கத் தொடங்கிய முதல் கிழமை. தீவுப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆறாம் வகுப்பு. பயிற்சிக் கலாசாலையில் சொல்லித் தந்தபடி நிமிர்ந்து நின்று, "றிப்பீற் ஆஃப்ரர் மீ" என்றேன். நாற்பது பிள்ளைகளும் ஒரே குரலில், "றிப்பீற் ஆஃப்ரர் மீ" என்றார்கள். "நோ, நோ" என்றேன். "நோ, நோ" என்றார்கள். பக்கத்து வகுப்பில் இருந்தவர் இந்த அறக்கட்டளைக்குரிய ஆசிரியர்தான். வாசலில் வந்து நின்று சிரித்துவிட்டுப் போனார். பின்னேரம் தேத்தண்ணீர் குடிக்கும்போது சொன்னார்: "தம்பி, பிள்ளையள் பிழை விடேல்லை. நீர் சொல்லச் சொன்னீர், அதுகள் சொல்லிச்சுதுகள். எதைத் திருப்பிச் சொல்ல வேணும் எண்டு நீர் சொல்லேல்லை."

அவர் சொன்னது எனக்கு அன்று பிடிபடவில்லை. பிடிபட்டது பல வருடம் கழித்து, ரேடியோ விதிகளை வாசித்தபோது.

ஆங்கிலம் பேசும் இராணுவங்களில் வயர்லெஸில் ஒருவர் சொன்னது விளங்காவிட்டால் "றிப்பீற்" என்று கேட்கக் கூடாது. "சே எகெய்ன்" என்றுதான் கேட்க வேண்டும். ஏனென்றால் பீரங்கிப் படைக்கு "றிப்பீற்" என்பது கட்டளை. இப்போது அடித்த அதே இலக்குக்கு, அதே எண்ணிக்கையில், இன்னொரு தரம் அடி என்று பொருள். விளங்கவில்லை என்று கேட்கப்போய்க் குண்டு விழுந்துவிடும். விமானிகளும் "சே எகெய்ன்" என்றே பழகினார்கள். கப்பற்காரர் வழி கொஞ்சம் வேறு. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001 இல் ஏற்றுக்கொண்ட சொற்றொடர்த் தொகுப்பில் இரண்டு சொல்லும் இருக்கின்றன. எதிர்ப்பக்கத்தைத் திரும்பச் சொல்லச் சொல்வதானால் "சே எகெய்ன்". நானே ஒரு எண்ணை அழுத்திச் சொல்வதானால் அந்த எண்ணுக்கு முன் "றிப்பீற்" என்று போட்டு இரண்டாம் தரம் சொல்வேன். கடலில் பீரங்கி இல்லாதவரை அது பாதுகாப்பான சொல்.

ஒரே சொல். வகுப்பறையில் பாடம், கப்பலில் அழுத்தம், பீரங்கிக்குப் பக்கத்தில் சாவு. ஷெல் அடி கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். முதல் ஷெல்லை விட இரண்டாவது ஷெல்லுக்குத்தான் நாங்கள் கூடப் பயந்தோம். முதலாவது குறி தப்பி விழுந்திருக்கலாம்; இரண்டாவதும் அதே இடத்தில் விழுந்தால், எங்கேயோ ஒருவன் வயர்லெஸில் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறான்.

சொல்லின் பிறப்பு அப்படிக் கொடியது அல்ல. இலத்தீனில் "பெற்றேரே" என்றால் நாடிப் போதல், தேடுதல். அதற்கு முன் "றே" சேர்ந்தால் திரும்பவும் தேடிப் போதல். இதை ஞாபகத்தில் வைத்திருங்கோ, பிறகு தேவைப்படும்.

மற்றச் சொற்களை ஓட்டமாகப் பார்ப்போம். "றீஇற்றறேற்" என்று அறிக்கைகளில் வருமே, தலைவர்கள் தங்கள் நிலைப்பாட்டை வலியுறுத்தும்போது பாவிக்கும் சொல், அதன் நடுவில் நிற்கும் "இற்றெறும்" என்பதற்கே மறுபடி என்றுதான் பொருள். முன்னால் இன்னொரு மறுபடியை ஒட்டிக்கொண்டிருக்கிறது. "திருப்பி றிப்பீற் பண்ணு" என்று எங்கள் பிள்ளைகள் சொன்னால் சிரிக்கிறோம். இலத்தீன்காரன் அதைத்தான் செய்தான். "றிகேர்ஸ்" என்ற சொல்லுக்குள் ஒரு வயல் கிடக்கிறது. உழுத நிலத்தில் கட்டி உடைக்க இழுக்கும் பற்சட்டத்துக்குப் பழைய பிரெஞ்சில் "ஏர்ஸ்". அதை இன்னொரு தரம் இழுப்பதுதான் நாடகத்துக்கு ஒத்திகை ஆனது. மட்டக்களப்புக் கூத்தில் அரங்கேற்றத்துக்கு முன் நடக்கும் ஒத்திகைக்கு அடுக்குப் பார்த்தல் என்று பெயர். எனக்கு அந்த உழவைவிட இந்த அடுக்கு பிடிக்கும். "டிற்ரோ" இத்தாலியச் சொல். சொல்லப்பட்டது என்று பொருள். கணக்குப் புத்தகத்தில் மாதப் பெயரைத் திரும்பத் திரும்ப எழுத அலுத்தவர்கள் கண்டுபிடித்தது. எங்கள் ஆட்கள் அதற்கு மேற்படி என்று வைத்து, அதையும் முழுதாக எழுத அலுத்து ௸ என்று ஒரு குறியே செய்துகொண்டார்கள். பழைய காணி உறுதி வைத்திருப்பவர்கள் வீட்டில் போய்ப் பாருங்கோ, மேற்படியாரும் மேற்படி காணியும் பக்கத்துக்குப் பக்கம் வருவார்கள்.

அரங்கில் ஒரு பாட்டை இன்னொரு தரம் கேட்க ஆங்கிலேயன் கத்துவது "ஒங்கோர்". அது பிரெஞ்சுச் சொல். பிரெஞ்சுக்காரனோ அந்த இடத்தில் "பிஸ்" என்கிறான், அது இலத்தீன். எங்கள் கொட்டகையில் கேட்டது "வன்ஸ்மோர்". இங்கிலாந்தில் அப்படி யாரும் கத்துவதில்லை. எங்கள் பக்கத்து நாடக மேடைகள் செய்துகொண்ட ஆங்கிலம் அது. நாடக நடிகர் வி. வி. வைரமுத்து மயான காண்டத்தில் பாடும்போது, சுடலையில் நிற்கும் அரிச்சந்திரனைப் பார்த்து "வன்ஸ்மோர்" என்றால், இன்னொருக்கா அழு என்றுதானே பொருள்? அவரும் பாடுவார், சனமும் இன்னொருக்கா அழும்.

இனி நாங்கள் இங்கே நாள்தோறும் பாவிக்கிற ஆங்கில "மறுபடி"கள். பல்கலைக்கழகத்துக்காக உயர்தரப் பரீட்சையை மூன்று தரம் எழுதலாம். முதலாம் தரத்துக்கு "முதல் ஷை", பிறகு "செகண்ட் ஷை", "தேர்ட் ஷை". தமிழ்நாட்டில் இருந்து வந்த ஒரு பேராசிரியர், வெட்கம் என்று விளங்கிக்கொண்டு, ஏன் இரண்டாம் தரம் எழுதுகிறவனை வெட்கப்படுத்துகிறீர்கள் என்று என்னைக் கேட்டார். அது அந்த "ஷை" அல்ல. இது எறிதல். திருவிழாக் கடையில் பந்தை எறிந்து தேங்காயை விழுத்துகிற விளையாட்டில் ஒவ்வொரு எறிக்கும் பெயர் "ஷை". ஊரில் சொல்வதென்றால், மாங்காய்க்குக் கல் எறிந்து பார்ப்பது. அதற்கும் மூன்று என்றுதான் எல்லை வைத்திருக்கிறார்கள் என்பதைத் தொல்காப்பியருக்குத் தெரியப்படுத்த வேண்டும்.

அடுத்தது கைத்தொலைபேசிக்குக் காசு போடுதல். தமிழ்நாட்டில் "ரீசார்ஜ்". எங்களுக்கு "றீலோட்". துறையடிக் கடையில்கூட அந்த அறிவிப்புத் தொங்குகிறது. இதை "ரீலோட்" என்று எழுதாதீர்கள். யாழ்ப்பாண எழுத்தில் சின்ன ர ஆங்கிலத்து "ரீ"க்கு, அதாவது பிளேன்ரீயில் வருகிற ரீக்கு. பெரிய ற தான் ஆங்கிலத்து "ஆர்"க்கு. ஆகவே "ரீலோட்" என்றால் ஒரு வண்டி நிறையத் தேயிலை. சென்னைப் பத்திரிகைக்குக் கட்டுரை அனுப்பும் நண்பர்கள் இதில் அடிக்கடி மாட்டுப்படுவார்கள். பகிடியை விடுவோம். "றீலோட்" என்பது துப்பாக்கிக்குத் திரும்பவும் தோட்டா போடுவதற்கான சொல்லும்கூட. "அண்ணை, நூறு ரூபாய்க்கு றீலோட் போடுங்கோ" என்று கேட்கிற பிள்ளைக்கு அது தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்.

இவ்வளவும் அவர்களுடைய சொற்கள். எங்களிடம் என்ன இருந்தது?

எழுத்தில் மீண்டும், மறுபடியும். பேச்சில் திரும்ப, திருப்பி, இன்னொருக்கா. இவற்றுக்கு மேல் எங்கள் வாயில் இன்னொன்று இருக்கிறது, வெளியூரார் கேட்டால் முழிப்பார்கள்: பேந்து. "பேந்து வாறன்" என்றால் பிறகு வருகிறேன். "பேந்தும் வந்திட்டான்" என்றால் மறுபடியும் வந்துவிட்டான். இது பெயர்ந்து என்பதன் தேய்வு. பழந்தமிழில் பெயர்த்தும் என்றாலே மறுபடியும் என்று பொருள். இரண்டாயிரம் வருடச் சொல்லை நாங்கள் மீன் விலை பேசும்போது பாவிக்கிறோம். படிச்ச ஆட்களுக்கு முன்னால் சொல்ல வெட்கப்படுகிறோம் என்பது வேறு கதை. மட்டக்களப்பார் இதே இடத்தில் மறுகா என்பார்கள்.

இந்தச் சொற்களை வரிசையாக வைத்துப் பாருங்கோ. மீள்தல், திரும்புதல், பெயர்தல். எல்லாம் நடமாட்டச் சொற்கள். ஆள் ஒரு இடத்தை விட்டுப் போய், முகத்தைத் திருப்பி, வந்த வழியே வருகிறான்; அதில் இருந்துதான் இன்னொரு தரம் என்ற கருத்தே பிறக்கிறது. ஆங்கிலத்து "எகெய்ன்" கூட ஆதியில் எதிர்ப்பக்கமாக, திரும்பி என்ற பொருளில்தான் வழங்கியது; எதிராக என்ற பொருளில் வரும் "எகெய்ன்ஸ்ற்" அதன் உடன்பிறப்பு. அக்கரைக்குப் போட் போய் இக்கரைக்கு வருவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் குறிகட்டுவான் ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

பெயர்த்தல் என்றதும் மொழிபெயர்ப்பு நினைவுக்கு வரும். தொல்காப்பிய மரபியலிலேயே அது இருக்கிறது. வடமொழியில் அநுவாதம் என்றால் முன் சொன்னதைத் திரும்பச் சொல்லுதல். எங்கள் உரைகாரர்கள், நூலாசிரியர் சொன்னதையே சொல்லிவிட்டால், இது குற்றமில்லை அநுவாதம் என்று கைதூக்கி விடுவார்கள். இன்று இந்தியில் அதே சொல்லுக்கு மொழிபெயர்ப்பு என்று பொருள். அப்படியென்றால் மொழிபெயர்ப்பாளன் பாடு ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் பாடுதான். எதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று யாரும் அவனுக்குச் சொல்வதில்லை.

இந்தத் தீவுகளின் மண்ணில் நின்று அச்சிட்டதைத் திரும்ப அச்சிடுவது பற்றிப் பேசாமல் போக முடியாது. பக்கத்தில் ஊர்காவற்றுறைக் கரம்பனில் 1913 இல் பிறந்த தனிநாயகம் அடிகள், மலாயாப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது ஒரு காரியம் செய்தார். அந்தாவ் தெ புரோவென்சா என்ற போர்த்துக்கேயப் பாதிரியார் தொகுத்த தமிழ் - போர்த்துக்கேய அகராதி, அவர் இறந்த பின் 1679 இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சாகி, பிறகு உலகத்தின் கண்ணில் இருந்து மறைந்துபோனது. வத்திக்கான் நூலகத்தில் இருந்த பிரதியைக் கொண்டு அதை எழுத்துக்கு எழுத்து அப்படியே படம்பிடித்து 1966 இல் கோலாலம்பூரில் வெளியிட்டார். முதலாவது உலகத் தமிழ் மாநாடு அங்கே கூடிய அதே வருடம். பழைய அச்சின் பிழைகளும் அப்படியே இருக்கின்றன. திருத்திப் போட்டிருந்தால் அது புரோவென்சா மீண்டது ஆகாது, வேறொரு நூல் பிறந்தது ஆகும்.

இதில்தான் என் முறைப்பாடு தொடங்குகிறது. ஆங்கிலத்து "றீ" ஒரு குருட்டு முன்னொட்டு. போனவன் வந்தாலும் "றீ", வேறொன்றைப் புதிதாய்ச் செய்தாலும் "றீ". தமிழுக்கு அந்தக் குருடு இல்லை. மீள் என்றால் போனது வர வேண்டும். அடகு வைத்த நகையை மீட்கிறோம். அதே நகைதான் வர வேண்டும், வேறு நகை வந்தால் கடைக்காரனைச் சும்மா விட மாட்டோம். பள்ளிக்கூடத்தில் பாடம் மீட்டுகிறோம். படித்த பாடத்தைத்தான் மீட்டலாம். மறு என்றால் மற்றது. மறுநாள் நேற்றைய நாள் அல்ல, மறுகரை இந்தக் கரை அல்ல, மறுமணத்தில் மாப்பிள்ளை வேறு.

இந்த வேறுபாட்டைக் கடலுக்கு இரண்டு பக்கத்து அலுவலகங்களும் கைவிட்டுவிட்டன, அதுவும் ஆளுக்கொரு விதமாக. தமிழ்நாட்டில் எல்லாம் மறு: மறுசுழற்சி, மறுமதிப்பீடு, மறுகூட்டல். இலங்கையில் எல்லாம் மீள்: மீள்சுழற்சி, மீளாய்வு, மீள்திருத்தம், மீள்கட்டுமானம். இங்கே உயர்தரப் பரீட்சை விடைத்தாள் மீளும்; அங்கே மறுபடும். ஆங்கிலப் படிவத்தில் "றீ"யைக் கண்டதும் மேசையில் கிடக்கிற ஒட்டை எடுத்து ஒட்டிவிடுகிறோம். ஊர்ச்சனம் அப்படிச் செய்யாது. 1985 மே 15 ஆம் திகதி, நெடுந்தீவில் இருந்து இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்த குமுதினிப் படகைக் கடலில் மறித்து, குழந்தைகள் உட்பட அதில் வந்தவர்கள் பலரை வெட்டிக் கொன்றார்கள். அந்தக் குமுதினியைத் திருத்தினார்கள். அது பேந்தும் ஓடியது. குமுதினி மீள்சேவையில் ஈடுபடுத்தப்பட்டது என்று நெடுந்தீவில் ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. "அதே போட்தான்" என்பார்கள். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

மீளுக்கும் மறுவுக்கும் நடுவில் அகப்பட்ட ஒருவனின் கதை இந்தக் கடலில் நடந்தது என்று சொல்வோர் உண்டு. மணிமேகலைக் காப்பியத்து மணிபல்லவம் நயினாதீவுதான் என்பது அவர்கள் கட்சி. ஏற்காதவர்களும் இருக்கிறார்கள், அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை. ஆபுத்திரன் கையில் எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபி. மழையில்லாத சாவக நாட்டில் சனம் பட்டினி என்று கேட்டுக் கப்பல் ஏறுகிறான். காற்றுக்கு ஒதுங்கிக் கப்பல் மணிபல்லவத்தில் நிற்கிறது. இவன் இறங்குகிறான். இரவு கப்பல் புறப்படும்போது இவனும் ஏறிவிட்டான் என்று நினைத்துக்கொண்டு மாலுமி பாயை விரிக்கிறான். விடிய எழும்பினால் கப்பல் இல்லை. ஆளில்லாத் தீவில் ஊருக்கெல்லாம் சோறு போடும் பாத்திரத்தை வைத்து என்ன செய்வது? அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாமல் கிடந்து உயிர் விட்டான்.

போட்டைத் தவறவிட்டவர்களுக்கு இந்தக் கதை மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூட விளங்கும். நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்ததை. கப்பலில் போன செட்டிகளில் ஒன்பது பேர், அவன் இல்லை என்று கண்டதும், அவனைத் தேடித் திரும்பி வந்தார்கள். வந்து பார்த்தால் அவன் இல்லை. அவர்களும் அங்கேயே உண்ணாது மாண்டார்கள். "பெற்றேரே", "றிப்பெற்றேரே", திரும்பவும் தேடிப் போதல். இலத்தீன் அகராதியில் இருக்கிற பொருளை அந்த ஒன்பது பேரும் செய்து காட்டிவிட்டார்கள்.

ஆபுத்திரன் அடுத்த பிறவியில் சாவகத்திலே பிறந்து புண்ணியராசன் என்ற அரசனானான். மணிமேகலை அவனைக் கண்டு வழிகாட்ட, கப்பலில் மணிபல்லவம் வந்து இறங்குகிறான். தீவைக் காக்கும் தெய்வமான தீவதிலகை அவனுக்கு இடத்தைக் காட்டுகிறாள். மணலைத் தோண்டுகிறான். உள்ளே எலும்பு, அவனுடைய எலும்பு. பக்கத்தில் தேடி வந்தவர்களின் எலும்பும். இப்போது சொல்லுங்கோ, அவன் அந்தத் தீவுக்கு மீண்டானா, அல்லது மறு ஆளாக முதல்முதல் வந்தானா? உடம்பு முதல்முதல் வந்தது. கிளறிய கைக்கோ அந்த எலும்பு சொந்தம். ஆங்கிலத்தில் ஒரு "றீ" போட்டுக் கடந்துவிடலாம். தமிழில் எழுதுகிறவன் பேனையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும்.

1990, 91 இல் தீவுகள் படையினர் கைக்கு வந்த காலத்தில் நாங்கள் கூடியிருக்கும் இந்தப் புங்குடுதீவு அநேகமாக வெறுமையானது. சனம் போன திசைகள் உங்களுக்குத் தெரியும். யாழ்ப்பாணம், வன்னி, கொழும்பு, கனடா, சுவிஸ். ஒரு பகுதி இராமேஸ்வரம் கரையில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிந்து, தமிழ்நாடு முழுக்கச் சிதறியது. அந்த முகாம்களுக்கு அகதி முகாம் என்று பெயர். 2021 ஆகஸ்டில் முதலமைச்சர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அந்தப் பெயரை மாற்றினார்: இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம். அங்கே இருப்பவர் மறு. அவரே கப்பலேறி இங்கே வந்து பதிந்தால் மீள். மீள்குடியேறியவர் என்று எங்கள் அலுவலகங்கள் எழுதும். நடுவில் இருப்பது சில மணி நேரக் கடல். ஒரு கரையில் இரண்டாவது வாழ்க்கைக்காரர், மற்றக் கரையில் போய் வந்தவர். இதில் எந்தச் சொல் சரி என்று எனக்கு நெடுநாள் யோசனை. தனித்தனி ஆளைக் கேட்காமல் தீர்க்க முடியாது என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

2011 இல் ஒருநாள், பதிவு அலுவலகம் ஒன்றின் வெளி வாங்கில் இருந்து சனத்துக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்ற வாத்திமாருக்கு அதுதானே வேலை. ஒரு தாயும் மகளும் வந்தார்கள். 1990 இல் வள்ளத்தில் போனவர்கள், இருபது வருட முகாம். தாயின் படிவம் முடிந்தது. மகளுக்கும் ஒன்று தனியே நிரப்ப வேண்டும். பெயர், பிறந்த இடம் மண்டபம், எல்லாம் எழுதியாயிற்று. ஒரு கட்டத்தில் மீள்குடியேறிய திகதி என்று இருந்தது. வாசித்துக் காட்டினேன்.

பிள்ளை படிவத்தைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள். "நான் எப்ப அம்மா இங்க இருந்து போனேன்?" என்றாள். பேச்சில் பாதி இராமநாதபுரம்.

நான் பேனையைத் தூக்கிக்கொண்டு இருந்தேன். கட்டத்தை வெறுமையாக விடலாமா, உள்ளே போய்க் கேட்கலாமா என்று யோசனை. தாய் சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னார்:

"வள்ளத்தில ஏறேக்க நீ என்ர வயித்துக்க ஆறு மாதம். நீயும்தான் போனனீ. இப்ப பேந்தும் வந்திருக்கிறாய். எழுதுங்கோ மாஸ்ரர்."

திகதியை எழுதினேன்.